ஒரு மாஜிகி நிலம்

நாரியின் கணக்கு நோட்டில் டாக் கும்ஜூ டீச்சர் சிவப்புக் கோடு கிழித்தது மே மாதத்தின் கடைசி வியாழக்கிழமை. அந்த நாட்டுப் பள்ளிகளில் விடை சரியென்றால் சிவப்பு வட்டம், தப்பென்றால் குறுக்கே ஒரு கோடு. நாரி கோட்டைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள், மறுபடியும் கோட்டைப் பார்த்தாள்.

"டீச்சர், கூக் ஐயா வயலை நாங்க மூணு தடவை அளந்தோம். அறுநூத்தி அறுபதுதான் வருது."

"வரப்பையும் சேர்த்து அளந்திருப்பீங்கடி."

"வரப்புல நடந்தோம். அளக்கல."

"நாரி, ஒரு மாஜிகி வயல்னா நானூத்தித் தொண்ணூத்தஞ்சு சதுர மீட்டர். கண்ண மூடிக்கிட்டுச் சொல்வேன். நான் விவசாயி வீட்டுப் பொண்ணு. எனக்கேவா?"

வகுப்பில் மூன்று குழு. அதே வயலை அளந்த மற்ற இரண்டு குழுவும் கொண்டுவந்த விடை நானூற்றுத் தொண்ணூற்றெட்டும் நானூற்றுத் தொண்ணூற்றொன்றும். இரண்டுக்கும் பெரிய பெரிய வட்டம். நாரி நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள். விடையை அழிக்கவில்லை.

ஒரு மரக்கால் விதை எவ்வளவு நிலத்துக்குக் காணுமோ அதுதான் ஒரு மாஜிகி. சதுர மீட்டர்தான் செல்லும் என்று சட்டம் போட்டுப் பல காலம் ஆகியும் விவசாயிகளின் வாயில் இன்னும் மாஜிகிதான் புரள்கிறது. அதையும் மீட்டரில் சொல்ல மாட்டார்கள், பியோங்கில் சொல்வார்கள். ஒரு ஆள் கைகாலை விரித்துப் படுத்தால் பிடிக்கிற இடம் ஒரு பியோங், மூன்றேகால் சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். கும்ஜூவுக்கு இதெல்லாம் பாலோடு வந்த கணக்கு. வடக்கே யோஜுவில் அவள் அப்பாவுக்கு ஏழு மாஜிகி நிலம். சின்ன வயதில் அந்த ஏழையும் வெறுத்து, இனிமேல் சேற்றில் கால் வைப்பதில்லை என்று சபதம் எடுத்து, ஆசிரியர் தேர்வு எழுதி, தெற்குக் கடலோரத்துக்காரரைக் கட்டிக்கொண்டு தெற்கேயே வந்துவிட்டாள். பதினேழு வருஷம் சபதம் காப்பாற்றப்பட்டது.

அதை உடைத்தது ஒரு கேள்வி. போன வருஷம் ஜூனில் உஜே என்கிற பையன் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே கேட்டான்: "டீச்சர், வயலை யார் பச்சையாக்குறாங்க?" அவனைச் சொல்லிக் குற்றமில்லை. காலையில் பள்ளி வண்டி போகும்போது வயல் முழுக்கத் தண்ணீர். பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் நடவு இயந்திரம் வந்து போய்விடுகிறது. டியூஷன் முடிந்து மாலையில் திரும்பும்போது பச்சை. விவசாயி வீட்டுப் பிள்ளைகள் பத்தொன்பது பேர், ஒருவரும் நடவைக் கண்ணால் பார்த்ததில்லை!

கும்ஜூவுக்கு அன்று தலைக்குள் பட்டாசு வெடித்தது. அவளுக்கு ஒரு யோசனை வந்தால் உட்கார முடியாது. நின்றுகொண்டே சாப்பிடுவாள், படிக்கட்டில் இரண்டு இரண்டாகத் தாவுவாள். இந்த வருஷம் கால அட்டவணையை எடுத்து எல்லாப் பாடத்தின் மேலும் ஒரே ஒரு நீளக் காகிதத்தை ஒட்டினாள். அதில் எழுதியிருந்தது ஒரே வார்த்தை: வயல்.

தலைமையாசிரியர் போங் சார் அந்த அட்டவணையைக் கண்ணாடியைக் கழற்றியும் மாட்டியும் பார்த்தார்.

"டாக் டீச்சர், கணக்கு எங்க?"

"வயல்ல சார். பரப்பளவு."

"அறிவியல்?"

"தவளை முட்டை, சார். நாலாம் நாள் வால் வருதான்னு பாக்கணும்."

"ஓவியம்?"

"ஒரே தண்ணிய எட்டு மணிக்கும் பன்னெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் வரையணும். மூணும் ஒரே நிறமா இருந்தா மார்க் கிடையாது."

"உடற்பயிற்சின்னு கேட்டா வரப்புல ஓடணும்பீங்க."

"கையில தண்ணிக் கிண்ணத்தோட சார்!"

போங் சார் சிரிக்கவில்லை. போன வருஷம் அவள் யோசனைப்படி பள்ளி வாசலில் பத்தொன்பது வாளியில் நெல் நட்டு, விடுமுறையில் யாரும் தண்ணீர் ஊற்றாமல், பத்தொன்பதும் கருகி நின்றன. சந்தைக்குப் போகிற ஜனம் எல்லாம் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தது. அந்தப் பேச்சு இன்னும் அவர் காதில் இருந்தது. "நடவு நாள் வரைக்கும் தரேன்" என்றார். "பெத்தவங்கள எல்லாம் கூப்பிடுங்க. கூக் ஐயா குடுக்குற வயல் மெயின் ரோட்டு மேல இருக்கு, ஊரே பாக்கும். அன்னிக்கு வயல் முழுக்க நாத்து நின்னா, அறுவடை வரைக்கும் உங்க இஷ்டம். ஒரு மூலை வெறுமனே கிடந்தாலும் திங்கட்கிழமையிலேர்ந்து புத்தகம். பழைய அட்டவணை. சரியா?"

"சரி சார்!" என்று சொல்லும்போதே அவள் பாதி வாசலில் இருந்தாள்.

ஊர்ப் பழைய விவசாயி கூக் ஐயா தன் ரோட்டோர வயலைக் காட்டி, "இது சரியா ஒரு மாஜிகி, டீச்சரம்மா" என்றார். அவள் வேறொன்றும் கேட்கவில்லை. கூட்டுறவு நாற்றங்காலுக்குப் போன் போட்டு, பதினைந்து தட்டு நாற்று வேண்டும் என்றாள். பத்து பியோங்குக்கு ஒரு தட்டு. நூற்றைம்பது பியோங்குக்குப் பதினைந்து. அப்பா வாயால் ஆயிரம் தடவை கேட்ட கணக்கு.

ஜூன் முதல் சனிக்கிழமை விடிந்ததே ஆரவாரமாகத்தான். பத்தொன்பது பிள்ளைகளும் முழங்கால் வரை சுருட்டிய டவுசரோடு வரப்பில் வரிசையாக நின்றார்கள். சேறடித்து, பரம்படித்து, வயல் கண்ணாடி மாதிரி கிடந்தது. முதலில் காலை விட்டது உஜே. விட்டவன் "அய்யோ, சூடா இருக்கு!" என்று அலறினான். அடுத்த நிமிஷம் பத்தொன்பது பேரும் உள்ளே. ஒருத்தியின் செருப்பைச் சேறு விழுங்கியது. இன்னொருவன் விழுந்து எழுந்தபோது கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளையாக இருந்தது. பெற்றவர்கள் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பெல்லாம் ஓடினார்கள்.

நடவுக் கயிற்றின் ஒரு முனையைக் கூக் ஐயாவும் மறுமுனையை நாரியின் அம்மா தூயெனும் பிடித்திருந்தார்கள். தூயென் வியட்நாமிலிருந்து அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். வந்த முதல் வருஷமே கைநடவில் ஊர்ப் பெண்களை எல்லாம் முந்திய ஆள். கயிற்றில் சாண் இடைவெளியில் சிவப்பு நூல் முடிச்சு. முடிச்சுக்கு ஒரு குத்து, குத்துக்கு நாலு நாற்று. எல்லாரும் நட்டு முடித்ததும் "கயிறு!" என்று கத்துவார்கள், கயிறு ஒரு அடி பின்னால் நகரும்.

"கயிறு!"

"இருங்க, இருங்க, எனக்கு இன்னும் ஒரு குத்து!"

"உஜே, உன்னால வயலே கிழவியாயிடும்டா, சீக்கிரம்!"

"கயிறு!"

கும்ஜூ வயலுக்கு நடுவில் நின்று கூச்சலுக்கு மேல் கூச்சல் போட்டாள். ஒரு வரிசைக்கு எத்தனை குத்து? பத்து வரிசைக்கு? குத்துக்கு நாலு நாற்று என்றால்? பதில்கள் சேற்றோடு தெறித்தன. தொண்டை கட்டியது, அவளுக்குத் தெரியவில்லை. போங் சார் ரோட்டோரம் குடை பிடித்து நின்றார். ஒன்பது மணிக்குக் குடையை மடக்கினார், பத்து மணிக்குச் சட்டைக் கையை மடக்கினார். அதை ஓரக்கண்ணால் பார்த்தபோது கும்ஜூவின் நெஞ்சு துள்ளியது. கிடைத்துவிட்டது! அறுவடை வரைக்கும் கிடைத்துவிட்டது!

"நாத்து!" என்றான் உஜே, கையை நீட்டி.

யாரும் கொடுக்கவில்லை.

"நாத்து குடுங்க!"

வரப்பில் பதினைந்து தட்டும் காலியாகக் கவிழ்ந்து கிடந்தன. கும்ஜூ திரும்பிப் பார்த்தாள். முன்னால் பச்சை, நேர் நேராக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக. பின்னால், மெயின் ரோட்டை ஒட்டி, வயலில் கால் பங்கு வெறும் தண்ணீர். அதில் மேகம் தெரிந்தது, போங் சாரின் முகமும் தெரிந்தது.

"டீச்சரம்மா, மிச்ச நாத்து எங்க?" என்றார் கூக் ஐயா.

"அவ்ளோதான் ஐயா. பதினஞ்சு."

"பதினஞ்சா? ஒரு மாஜிகிக்கா? யாரு சொன்னா?"

"பத்து பியோங்குக்கு ஒண்ணு. நூத்தைம்பதுக்குப் பதினஞ்சு."

கூக் ஐயா கயிற்றைக் கீழே போட்டார். "நூத்தைம்பதா? ஒரு மாஜிகி இருநூறு பியோங் டீச்சரம்மா! எங்க அப்பன் காலத்துலேர்ந்து இருநூறு!"

"நூத்தைம்பதுதான் ஐயா. நான் விவசாயி வீட்டு..."

"நீங்க எந்த ஊரு?"

"யோஜு."

"அப்படிச் சொல்லுங்க!" கூக் ஐயா தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். "வடக்கத்தி மாஜிகிய எடுத்துட்டு வந்து எங்க வயல்ல போட்டுட்டீங்களே! துணி பத்தாத தையக்காரன் மாதிரி!"

அந்தச் சிரிப்பையும் தாண்டி, சேற்றின் நடுவிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "அறுநூத்தி அறுபது!" நாரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வரப்பை நோக்கி ஓடி வந்தாள், ஓட முடியாத சேற்றில். "இருநூறு பியோங்னா அறுநூத்தி அறுபது! நான் சொன்னேன்ல! முப்பத்தாறும் முப்பதும் அறுபத்தாறு, இருபதால பெருக்கி ரெண்டால வகுத்தா அறுநூத்தி அறுபது! சொன்னேன்ல!"

கும்ஜூவுக்கு அந்தச் சிவப்புக் கோடு இப்போது தன் முகத்தில் யாரோ கிழித்தது போலிருந்தது. ஆனால் அதைவிட வேறொன்று சுருக்கென்று தைத்தது. "இருங்க. அப்போ மத்த ரெண்டு குழுவுக்கும் எப்படிடா நானூத்தித் தொண்ணூறு சொச்சம் வந்துது?"

எல்லாரும் உஜேயைப் பார்த்தார்கள். உஜே தன் கால் விரல் சேற்றுக்குள் இருக்கிறதா என்று தேடினான்.

"நீங்கதான் மொதல்லயே நானூத்தித் தொண்ணூத்தஞ்சுன்னு சொல்லிட்டீங்களே டீச்சர். நாங்க... பின்னாடியிலேர்ந்து கணக்குப் போட்டோம். இருபது மீட்டர் அகலத்தைப் பதினஞ்சாக்குனா கரெக்டா வந்துது. சந்தேகம் வராம இருக்கக் கொஞ்சம் கூட்டிக் கொறச்சு எழுதிட்டோம்."

பெற்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். கும்ஜூ சிரிக்கவில்லை, சிவந்தாள். இத்தனை வருஷத்தில் தான் எத்தனை வட்டங்களை இப்படிப் போட்டிருப்போம் என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குள் போங் சார் குடையை ஊன்றிக்கொண்டு வரப்பில் இறங்கிவிட்டார்.

"டாக் டீச்சர். மூலை வெறுமனே கிடக்குது."

"ஒரு நிமிஷம் சார்." அவள் சேற்றுக் கையாலேயே பையிலிருந்து கைபேசியை எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. விரல் தானாக யோஜுவைக் கூப்பிட்டது. எல்லாரும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டிவைத்தாள்.

"அப்பா, ஒரு மாஜிகி எத்தனை பியோங்?"

"நூத்தைம்பது" என்றது கரகரத்த குரல். "இதுகூடத் தெரியாமயா புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்குற?"

கூக் ஐயா கைபேசிப் பக்கம் குனிந்தார். "பெரியவரே! நான் தெற்கேயிருந்து பேசுறேன். இருநூறு!"

"யாருய்யா அது? நூத்தைம்பது!"

"உங்க ஊர்ல நிலத்துக்குப் பஞ்சம். அதான் மாஜிகியச் சுருக்கிட்டீங்க!"

"எங்க மண்ணு நல்ல மண்ணுய்யா. கொஞ்சம் நிலத்துலயே ஒரு மரக்கால் விதைய வாங்கிக்கும். உங்களுது மெலிஞ்ச மண்ணு, பரப்பித்தான் தெளிக்கணும்!"

"மெலிஞ்ச மண்ணா? எங்க அரிசியத் தின்னு பாத்திருக்கீரா நீரு?"

"யோஜு அரிசி ராஜா தின்ன அரிசிய்யா!"

பிள்ளைகள் தவளை மாதிரி கத்தினார்கள். "நூத்தைம்பது!" "இருநூறு!" பாதிப் பேர் ஒரு கட்சி, பாதிப் பேர் மறு கட்சி. தூயென் சிரிப்பு தாங்காமல் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க நாட்டுலயும் இதே கூத்துதான்" என்றாள். "எங்க வடக்குல ஒரு ஸாவ் நிலம்னா முன்னூத்தி அறுபது சதுர மீட்டர். தெற்கே ஒரு ஸாவ்னா ஆயிரம். என் அக்காவுக்கு தெற்கேயிருந்து மாப்பிள்ளை வந்துச்சு. நிலம் எவ்ளோன்னு கேட்டா, மூணு ஸாவ்ன்னாங்க. எங்கப்பா மூஞ்சியத் தூக்கி வெச்சுட்டாரு. மூணு ஸாவ்ல கோழி கூட மேயாதுன்னு சொல்லிட்டு எழுந்துட்டாரு. மாப்பிள்ளை பின்னாடியே ஓடி வந்தாரு!"

"மூவாயிரம் மீட்டர்!" என்று கத்தினாள் நாரி. "தாத்தா ஆயிரத்தி எண்பதுன்னு நினைச்சுட்டாரா!"

"அதான்! அப்புறம் கையத் தட்டிக்கிட்டுச் சம்மதிச்சாரு."

கும்ஜூ சட்டென்று ஒரு காலித் தட்டை நிமிர்த்தி அதன் மேல் ஏறி நின்றாள். மறுபடியும் தலைக்குள் பட்டாசு! "கேளுங்க எல்லாரும். ஒரே வார்த்தை. ஒரே மரக்கால் விதை. ஆனா என் ஊர்ல நூத்தைம்பது, இங்க இருநூறு. ஏன்?"

"மண்ணு!" "மரக்கால் சின்னதோ?" "அங்க குளிரு, நெருக்கிப் போடணும்!" "கூக் ஐயா கஞ்சம்!"

"எவன்டா அவன்?" என்றார் கூக் ஐயா.

"சரியான பதில் எது டீச்சர்?" என்றாள் நாரி.

கும்ஜூ வாயைத் திறந்தாள். பழக்கத்தில் ஒரு பதில் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள். "எனக்குத் தெரியாது" என்றாள். பிள்ளைகளுக்கு அது புதிதாக இருந்தது. உஜே பக்கத்திலிருந்தவனைப் பார்த்து, "தெரியாதாம்டா!" என்றான், ஏதோ பரிசு கிடைத்த மாதிரி.

"அதெல்லாம் இருக்கட்டும்" என்றார் போங் சார், குடையால் வெற்றுத் தண்ணீரைக் காட்டி. "இது?"

"ஐம்பது பியோங். அஞ்சு தட்டு" என்றாள் கும்ஜூ. "ஐயா, நேத்து நட்ட வயல்ல எல்லாம் செத்த குத்துக்குப் பதிலா நடறதுக்குன்னு மூலையில ஒரு தட்டு போட்டு வெச்சிருப்பாங்கல்ல?"

கூக் ஐயா பதில் சொல்வதற்குள் நாலைந்து அப்பாக்கள் தங்கள் சின்ன லாரிகளை நோக்கி ஓடினார்கள். பின்னாலேயே பிள்ளைகளும், சேறு சொட்டச் சொட்ட. "சீட்டுல உக்காராதடா, பின்னாடி ஏறு!" கால்மணி நேரத்தில் ஹாரன் அடித்துக்கொண்டே திரும்பினார்கள். ஒரு தட்டு, இரண்டு, நாலு, ஐந்து.

கூக் ஐயா ஐந்தையும் குனிந்து பார்த்து, தலையில் கை வைத்தார். "இது ஒட்டரிசி. இது கறுப்பரிசி. இது முந்தி வர்ற ரகம். இது பிந்தி வர்ற ரகம். இது எதுன்னு எனக்கே தெரியல. இதையெல்லாம் என் வயல்ல கலந்து நட்டா அறுக்கும்போது நான் யாரைப் போய் அழுவேன்? மெஷினு ஒட்டரிசியத் தனியாப் பொறுக்குமா?"

நாரி தண்ணீரைப் பார்த்துக்கொண்டே உதட்டை அசைத்தாள். "அம்பதை அஞ்சாப் பிரிச்சா பத்துப் பத்து பியோங். ரகத்துக்கு ஒரு பட்டை. நடுவுல ஒரு வரிசை இடம் விட்டு, குச்சி நட்டு, பேர் எழுதிட்டா?"

"குச்சி நட்டா மெஷினுக்குப் படிக்கத் தெரியுமா?"

"எங்களுக்குத் தெரியும். நாங்க கையால அறுக்கறோம்."

கூக் ஐயா அவளைப் பார்த்தார், ஐந்து தட்டையும் பார்த்தார், பிறகு ரோட்டைப் பார்த்தார். ரோட்டில் சந்தைக்குப் போகிற வண்டிகள் ஏற்கெனவே வேகம் குறைந்து நின்றுகொண்டிருந்தன. "கதிர் முத்துறது ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வாரம்" என்றார் மெதுவாக. "அஞ்சு தடவை வரணும். எலி வருதான்னு பாக்கணும். கறுப்பரிசி காத்துக்குச் சாயும், கட்டி நிறுத்தணும். நான் ஒரு கதிர் தொட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"தொடாதீங்க!" என்றார்கள் பத்தொன்பது பேரும்.

கயிறு மறுபடி நீண்டது. கூக் ஐயாவின் முனையை யாரோ பிடித்திருந்தார்கள். "கயிறு!" என்று பிள்ளைகள் கத்தியபோது அந்த முனை கோணலாக நகர்ந்தது. கும்ஜூ அதட்டத் திரும்பினாள். பிடித்திருந்தது போங் சார். காலணியோடு.

பதினொன்றரைக்குக் கடைசிக் குத்து விழுந்தது. சொல்லிவைத்தாற்போல் கருப்புச் சாறு நூடுல்ஸ் பெட்டியைப் பின்னால் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிள் வரப்போரம் வந்து நின்றது. எல்லாரும் சேற்றுக் கையை வாய்க்காலில் அலம்பிக்கொண்டு உட்கார்ந்தார்கள். நாரி மட்டும் உட்காரவில்லை. பையிலிருந்து கணக்கு நோட்டை எடுத்து, அந்தப் பக்கத்தைத் திறந்து, டீச்சர் முன்னால் நீட்டினாள்.

கும்ஜூ சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்தாள். கோட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள், பக்கத்தில் பாதியை அடைக்கிற வட்டம். பிறகு தன் சட்டைப் பையிலிருந்து நாற்றுக்குப் போன் செய்தபோது எழுதிய துண்டுச் சீட்டை எடுத்தாள். 'ஒரு மாஜிகி, 15 தட்டு.' சீட்டையும் பேனாவையும் நாரியிடம் கொடுத்தாள்.

"போடு."

நாரி அம்மாவைப் பார்த்தாள். தூயென் நூடுல்ஸ் வாயோடு தலையாட்டினாள். நாரி ஒரே இழுப்பில் குறுக்கே கோடு கிழித்தாள்.

"டீச்சர், எங்க வட்டம்?" என்றான் உஜே பயந்துகொண்டே.

"பிடுங்கியாச்சு. அந்தப் பதினஞ்சு மீட்டரை மறுபடி அளந்துட்டு வந்து கேளு."

"டீச்சர்" என்றாள் நாரி, வரப்பில் இடம் தேடி உட்கார்ந்தபடி. "ஒரு சந்தேகம். உங்க அப்பா வீட்டு மரக்காலும் கூக் ஐயா வீட்டு மரக்காலும் ஒரே அளவா?"

கும்ஜூவின் கையிலிருந்த நூடுல்ஸ் குச்சிகள் பாதி வழியில் நின்றன. அவள் கண் பளபளத்தது. "ஐயா, உங்க வீட்டுல பழைய மரக்கால் இருக்கா?"

"கொட்டகையில எங்கயோ கிடக்கும். கோழி அடை காக்குது அதுக்குள்ள."

"எங்கப்பாவோடதைப் பார்சல்ல அனுப்பச் சொல்றேன். ரெண்டுலயும் தண்ணி ஊத்தி அளக்கலாம். திங்கட்கிழமை..." சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு உறைத்தது. திங்கட்கிழமை. அவள் மெல்லத் திரும்பினாள்.

போங் சார் ஈரக் காலணியைக் கழற்றி, கவிழ்த்து, உள்ளேயிருந்து ஒரு குட்டித் தவளையை வெளியே விட்டுக்கொண்டிருந்தார்.

"திங்கட்கிழமைக்குள்ள பார்சல் வராது, டாக் டீச்சர்" என்றார் நிமிராமல். "செவ்வாய்னு வெச்சுக்கலாம். மொதல்ல அந்தக் கோழிய எழுப்பணும். எத்தனை மணிக்கு?"